கிரேடில் ராப்பர் எதைப் பூட்டுகிறது, எதைத் திறந்தே விடுகிறது

கேள்வி சுருக்கமாக இது: "புது டீமில் சேர்ந்திருக்கிறேன், ஆண்ட்ராய்டு பிராஜெக்ட். என் உபுண்டு லேப்டாப்பில் கிரேடில் இன்ஸ்டால் செய்து 'கிரேடில் பில்டு' என்று அடித்தால் பிழை வருகிறது. 'அதை அடிக்காதே, கிரேடில்டபிள்யூ என்று அடி' என்கிறார்கள். அப்படி அடித்தாலும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் ஓடுகிற பில்டு டெர்மினலில் ஓடமாட்டேன் என்கிறது. இந்த ராப்பர் என்னதான் செய்கிறது? கிரேடில் பதிப்பை மாற்ற எங்கே கை வைப்பது? பில்டுக்கான மற்ற அமைப்புகளை எங்கே வைப்பது?"

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கிரேடில் என்பது சோர்ஸ் கோடிலிருந்து ஆப்பை உருவாக்கும், அதாவது பில்டு செய்யும் கருவி. ராப்பர் என்பது சரியான கிரேடிலை இறக்கி ஓட்டுவதற்காக பிராஜெக்டோடு கூடவே வரும் சில சின்ன ஃபைல்கள். ராப்பர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பூட்டுகிறது, அது கிரேடிலின் பதிப்பு. எந்த ஜாவாவில் ஓடுவது, எவ்வளவு மெமரி கொடுப்பது, உங்கள் ஹோம் ஃபோல்டரில் நீங்கள் எழுதி வைத்திருக்கும் அமைப்புகள் என்ன, இதில் எதையும் அது பூட்டுவதில்லை. "ராப்பர் போட்டாச்சு, இனி எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி ஓடும்" என்ற நம்பிக்கைதான் பாதி குழப்பத்துக்குக் காரணம். உங்கள் இரண்டாவது பிழையும் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

முதல் பிழை எளிது. உபுண்டுவில் 'அப்ட்' வழியாக கிரேடில் போட்டால் வருவது 4.4.1. அது 2017 டிசம்பரில் வந்த பதிப்பு, உபுண்டுவின் களஞ்சியத்தில் பல வருடங்களாக அங்கேயே நிற்கிறது. இன்றைய ஆண்ட்ராய்டு பிராஜெக்ட் எதையும் அது பில்டு செய்யாது. அதை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். ராப்பர் இருக்கும் பிராஜெக்டில் வேலை செய்ய மெஷினில் கிரேடில் தேவையே இல்லை, ஜாவா இருந்தால் போதும். புத்தம்புதிதாக ஒரு பிராஜெக்ட் தொடங்கும்போது முதல்முறை ராப்பரை உருவாக்க மட்டும்தான் கிரேடில் வேண்டும். அதையும் ஸ்டூடியோ போன்ற ஐடிஇக்கள் தாமே செய்துவிடுகின்றன.

சரி, ராப்பர் என்றால் என்னென்ன? ரெப்போவில் நான்கு ஃபைல்கள். மேலே, ரூட் ஃபோல்டரில் இரண்டு: லினக்ஸ், மேக் இரண்டுக்குமான 'கிரேடில்டபிள்யூ' ஷெல் ஸ்கிரிப்ட், விண்டோஸுக்கான 'கிரேடில்டபிள்யூ.பேட்'. 'கிரேடில்/ராப்பர்' ஃபோல்டருக்குள் இரண்டு: 'கிரேடில்-ராப்பர்.ஜார்', 'கிரேடில்-ராப்பர்.பிராப்பர்ட்டீஸ்'. ஜார் நூறு கேபிகூட இருக்காது. அதற்குள் கிரேடில் இல்லை, கிரேடிலை இறக்கிக் கொண்டுவரத் தெரிந்த சின்ன புரோகிராம் மட்டுமே இருக்கிறது.

நான்கில் மனிதர் படிக்க வேண்டியது கடைசி ஃபைல்தான். திறந்து பாருங்கள், பத்து வரி தேறாது. அதில் உயிரான வரி 'டிஸ்ட்ரிபியூஷன்யூஆர்எல்'. சர்வீசஸ்.கிரேடில்.ஆர்க் என்ற தளத்தின் முகவரியும், கடைசியில் 'கிரேடில்-8.7-பின்.ஜிப்' போல ஒரு ஃபைல் பெயரும் இருக்கும். உங்கள் டீம் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற கேள்விக்கு அந்தப் பெயர்தான் பதில். முகவரியில் 'ஹெச்டிடிபிஎஸ்'-க்கு அடுத்த முக்காற்புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு நிற்பதைப் பார்த்து யாரோ தவறாக அடித்திருக்கிறார்கள் என்று அழித்துவிடாதீர்கள். ஜாவாவின் பிராப்பர்ட்டீஸ் ஃபைல்களில் முக்காற்புள்ளியும் பெயரையும் மதிப்பையும் பிரிக்கும் குறிதான். அதனால் மதிப்புக்குள் அது வரும்போது முன்னால் அந்தக் கோட்டைப் போடுவது வழக்கம்.

பெயரின் கடைசியில் 'பின்' என்பதற்குப் பதிலாக 'ஆல்' என்று சில ரெப்போக்களில் இருக்கும். 'ஆல்' வகையில் கிரேடிலின் சோர்ஸும் ஆவணங்களும் கூடவே வரும். பில்டுக்கு அவை தேவையில்லை. 'பின்' மட்டுமே நூறு எம்பிக்கு மேல் வருகிறது, 'ஆல்' அதைவிடப் பெரிது. வேறு காரணம் இல்லையென்றால் 'பின்' போதும்.

நீங்கள் './கிரேடில்டபிள்யூ பில்டு' என்று அடித்ததும் நடப்பது இது. ஷெல் ஸ்கிரிப்ட் முதலில் ஜாவாவைத் தேடுகிறது. ஜாவா_ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் இருந்தால் அது சொல்லும் ஜாவா, இல்லாவிட்டால் பாத்தில் (கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) முதலில் சிக்கும் ஜாவா. கிடைத்த ஜாவாவில் அந்தச் சின்ன ஜாரை ஓட்டுகிறது. ஜார், பிராப்பர்ட்டீஸ் ஃபைலைப் படித்து, அந்தப் பதிப்பு உங்கள் ஹோம் ஃபோல்டரில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கிறது. இடம்: ஹோமில் '.கிரேடில்' ஃபோல்டர், அதற்குள் 'ராப்பர்/டிஸ்ட்ஸ்'. இல்லையென்றால் ஜிப்பை இறக்கி, விரித்து, முடிந்ததற்கு அடையாளமாக '.ஓகே' என்று முடியும் ஒரு காலி ஃபைலை வைக்கிறது. பிறகு நீங்கள் அடித்த மிச்ச வார்த்தைகளை அப்படியே அந்த கிரேடிலிடம் கொடுத்துவிடுகிறது.

டிஸ்ட்ஸ் ஃபோல்டருக்குள் போனால் பதிப்புப் பெயருக்கு அடியில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான பெயரில் இன்னொரு ஃபோல்டர் இருக்கும். அது முகவரியிலிருந்து கணக்கிட்ட ஹாஷ், அதாவது முகவரி மாறினால் தானும் மாறும் ஓர் அடையாளம். ஆகவே அதே 8.7-ஐ வேறு முகவரியிலிருந்து இறக்கச் சொன்னால் வேறு ஃபோல்டர், மறுபடி முழு டவுன்லோடு. ஆபீஸில் உள் சர்வருக்கு மாறிய அன்று எல்லோருக்கும் திரும்ப இறங்கியது ஏன் என்று ஒருவர் புலம்புவார், அதற்குக் காரணம் இதுதான்.

விண்டோஸில் பழைய கமாண்டு பிராம்ப்டில் வெறும் பெயரே போதும், பவர்ஷெல்லில் முன்னால் புள்ளியும் பின்சாய்கோடும் வேண்டும். லினக்ஸில் புள்ளியும் சாய்கோடும் எப்போதும் வேண்டும், ஏனென்றால் நிற்கிற ஃபோல்டர் பாத்தில் இருப்பதில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது பிழை. ஸ்டூடியோவில் ஓடுகிறது, டெர்மினலில் ஓடவில்லை. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ தன்னோடு ஒரு ஜேடிகேயை, அதாவது ஜாவாவின் முழுக் கருவித்தொகுப்பை, கூட்டிக்கொண்டு வருகிறது. அதன் கிரேடில் அமைப்பில் வேறு எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் பொதுவாக அதில்தான் பில்டு ஓடும். டெர்மினலோ ஜாவா_ஹோமைப் பார்க்கிறது. கிரேடில் பதிப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான், அதை ராப்பர் பார்த்துக்கொண்டது. ஆனால் ஓடும் ஜாவா வேறு.

பிழைச் செய்தியில் 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன்' என்று தொடங்கி ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணிலிருந்து 44-ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு வரும். 55 என்றால் ஜாவா 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. இந்தச் செய்தி வருகிறதென்றால் பெரும்பாலும் உங்கள் ஜாவா, அந்த கிரேடிலுக்குத் தெரிந்ததைவிடப் புதியது. ஒவ்வொரு கிரேடிலும் தனக்குத் தெரிந்த ஜாவா வரைதான் ஓடும். ஜாவா 17-இல் ஓட கிரேடில் 7.3 வேண்டும், ஜாவா 21-இல் ஓட 8.5 வேண்டும். கீழ்ப்பக்கமும் எல்லை உண்டு: 2025-இல் வந்த கிரேடில் 9 ஓடுவதற்குக் குறைந்தது ஜாவா 17 கேட்கிறது.

ஆண்ட்ராய்டில் மூன்றாவதாக ஒரு பதிப்பும் சேர்ந்துகொள்கிறது, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை பில்டு செய்ய கிரேடிலோடு சேரும் கூகுளின் ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின். 4.2-க்குப் பிறகு நேரே 7.0-க்குத் தாவி, கிரேடிலின் எண்ணோடு ஒட்டிக்கொண்டது. அந்த 7.0-க்கு கிரேடில் 7.0-உம் ஜேடிகே 11-உம் வேண்டும். 8.0-க்கு கிரேடில் 8.0-உம் ஜேடிகே 17-உம். பிளகினுக்கு கிரேடில் பழையதாகப் போனால் செய்தி தெளிவாகவே வரும், குறைந்தது இந்தப் பதிப்பு வேண்டும், உன்னிடம் இருப்பது இது என்று இரண்டு எண்களையும் சொல்லிவிடும். ஜாவா பொருந்தாதபோதுதான் செய்தி சுற்றிவளைக்கிறது.

ஜாவாவையும் பூட்ட வழி இருக்கிறது, ஆனால் அது ராப்பரின் வேலை அல்ல. கிரேடில் 6.7-இலிருந்து டூல்செயின் என்ற வசதி உண்டு. பில்டு ஸ்கிரிப்டில் "இந்த சோர்ஸ் கோடை ஜாவா 17-ஐக் கொண்டு கம்பைல் செய்" என்று எழுதிவிடலாம். இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று: இது கோடைக் கம்பைல் செய்யும் ஜாவாவைத்தான் நிர்ணயிக்கிறது, கிரேடில் தானே ஓடும் ஜாவாவை அல்ல. டூல்செயினில் 17 என்று எழுதியிருந்தும் ஜாவா_ஹோம் வேறு ஏதோ பொருந்தாத பதிப்பாக இருந்தால், கம்பைல் வரை போகாமலே பில்டு விழும். பில்டை ஓட்டும் டீமனுக்கான (பின்னணியில் ஓடும் கிரேடில் பிராசஸ்) ஜாவாவையே ரெப்போவில் எழுதி வைக்கும் வசதி 8.8-இல் சோதனை நிலையில் வந்தது. 'அப்டேட்டீமன்ஜேவிஎம்' என்ற டாஸ்கை (கிரேடிலிடம் பெயர் சொல்லி ஓட்டும் வேலை) ஓட்டினால் கிரேடில் ஃபோல்டருக்குள் அதற்கென ஒரு பிராப்பர்ட்டீஸ் ஃபைல் உருவாகும். அப்போதும் ராப்பரைத் தொடங்கிவைக்க மெஷினில் ஏதாவது ஒரு ஜாவா இருந்தாக வேண்டும்.

அடுத்தது அமைப்புகளை எங்கே வைப்பது என்பது. இங்கே வரிசை தெரியாமல் கஷ்டப்படுபவர்கள் அதிகம். ஒரே அமைப்பு பல இடங்களில் இருந்தால் கமாண்டு லைனில் கொடுத்ததே ஜெயிக்கும். அதற்கு அடுத்தது உங்கள் ஹோமில் '.கிரேடில்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'கிரேடில்.பிராப்பர்ட்டீஸ்'. அதற்கும் அடுத்துதான் பிராஜெக்ட் ரூட்டில் இருக்கும் அதே பெயர் ஃபைல். பிராஜெக்டில் எழுதியதுதான் வலுவானது என்று எல்லோரும் இயல்பாக நினைப்பார்கள், ஆனால் உங்கள் ஹோம் ஃபைல் அதை அமுக்கிவிடும். என்றோ ஒருநாள் ஏதோ ஒரு பழைய பிராஜெக்டுக்காக ஹோமில் ஜாவா இடத்தையோ மெமரி அளவையோ எழுதிவிட்டு மறந்திருப்பீர்கள். இன்று டீமில் எல்லோருக்கும் ஓடுகிற பில்டு உங்களுக்கு மட்டும் விழும். இப்படி ஒருவருக்கு மட்டும் ஓடாத பில்டு வந்தால் நான் முதலில் கேட்பது அந்த ஹோம் ஃபைலில் என்ன இருக்கிறது என்றுதான்.

இந்த வரிசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஹோம் ஃபைல் உங்கள் சொந்த விஷயங்களுக்கானது: கீஸ்டோர் பாஸ்வேர்டு, ஆபீஸ் பிராக்சி, உள் ரெப்போசிட்டரிக்கான டோக்கன். இவை கிட்டுக்குள் போகக்கூடாதவை. பிராஜெக்ட் ஃபைலில் டீமுக்குப் பொதுவானவை: மெமரி அளவு, பேரலல் பில்டு, கேஷ். பார்த்து வைக்க வேண்டியது, பொதுவானதை ஹோமில் வைக்காமல் இருப்பதும், ரகசியத்தைப் பிராஜெக்டில் வைக்காமல் இருப்பதும்தான்.

கமாண்டு லைனில் '-பி' என்று பெரிய எழுத்தில் தொடங்கிப் பெயரையும் மதிப்பையும் ஒட்டிக் கொடுத்தால் அது பிராஜெக்ட் பிராப்பர்ட்டி, பில்டு ஸ்கிரிப்ட் படிக்கும். அதேபோல் பெரிய எழுத்தில் '-டி' என்று கொடுத்தால் ஜேவிஎம்மின் (ஜாவா புரோகிராமை ஓட்டும் இயந்திரம்) சிஸ்டம் பிராப்பர்ட்டி. ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறுவதை, உதாரணமாக சிஐ (தானாக பில்டு ஓட்டும் சர்வர்) கொடுக்கும் பில்டு எண்ணை, '-பி' வழியாகக் கொடுப்பது சரி. ஸ்டேஜிங், புரொடக்‌ஷன் என்று நிலையாக இருக்கும் வேறுபாடுகளை அப்படிக் கொடுக்காதீர்கள், அவற்றை ஃபிளேவராக, அதாவது ஒரே ஆப்பின் தனி வகையாக, பில்டு ஸ்கிரிப்டில் எழுதுங்கள். ஃபிளேவராக எழுதினால் 'அசெம்பிள்ஸ்டேஜிங்டீபக்' என்று பெயர் உள்ள டாஸ்கே உருவாகிறது, டாஸ்க் பட்டியலில் தெரிகிறது, ஸ்டூடியோவிலும் தேர்ந்தெடுக்க முடிகிறது. '-பி'-யில் கொடுத்தது யாரோ ஒருவரின் டெர்மினல் ஹிஸ்டரியில் மட்டுமே இருக்கும்.

இதே காரணத்துக்காக, ராப்பருக்கு மேல் இன்னொரு ராப்பர் எழுதும் பழக்கத்தின்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இல்லை. பல டீம்களில் 'பில்டு.எஸ்ஹெச்' என்று ஒன்று இருக்கும். முதலில் இரண்டு வரியாகத் தொடங்கும். அப்புறம் பிராஞ்ச் பெயரைப் பார்த்து ஒரு முடிவு, என்விரான்மென்டைப் பார்த்து ஒரு முடிவு, ஃபைலை இங்கிருந்து அங்கே நகலெடுத்தல் என்று வளர்ந்துகொண்டே போகும். ஸ்டூடியோவில் பச்சை அம்பை அழுத்துபவர் இந்த ஸ்கிரிப்டின் வழியாகப் போவதே இல்லை. விண்டோஸ்காரருக்கு அது ஓடாது, அவர் தனக்கென்று ஒன்று எழுதிக்கொள்வார். ஆறு மாதத்தில் மூன்று விதமான பில்டு. முடிவெடுக்கும் லாஜிக் பில்டு ஸ்கிரிப்டுக்குள் இருக்கட்டும். வெளி ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் நீளமான கமாண்டைச் சுருக்கித் தருவதோடு நிற்கட்டும்.

அதைவிட மோசம், 'கிரேடில்டபிள்யூ' ஸ்கிரிப்டையே திருத்துவது. மெமரி போதவில்லை என்று பிழை வந்ததும் அந்த ஸ்கிரிப்டைத் திறப்பார்கள், உள்ளே 64 எம்பி என்று ஒரு அளவு எழுதியிருக்கும். "அடடா, இதுதான் காரணம்" என்று 4 ஜிபியாக மாற்றுவார்கள். ஒன்றும் மாறாது. அந்த 64 எம்பி, கமாண்டை வாங்கிக்கொண்டு டீமனிடம் ஒப்படைக்கும் சின்ன ஜேவிஎம்முக்கானது. நிஜ வேலையைச் செய்வது பின்னால் ஓடும் டீமன். அதற்கான மெமரி 'கிரேடில்.பிராப்பர்ட்டீஸ்' ஃபைலில் 'ஆர்க்.கிரேடில்.ஜேவிஎம்ஆர்க்ஸ்' என்ற வரியில் இருக்கிறது. போதாக்குறைக்கு, அடுத்த முறை யாராவது ராப்பரை அப்டேட் செய்தால் அந்த ஸ்கிரிப்ட் முழுவதும் புதிதாக எழுதப்படும், உங்கள் திருத்தம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

டீமன் பற்றி ஒரு வார்த்தை. அது பில்டு முடிந்த பிறகும் மூன்று மணி நேரம் சும்மா காத்திருக்கும், அடுத்த பில்டு வேகமாகத் தொடங்குவதற்காக. ஆனால் கிரேடில் பதிப்பு வேறு என்றால் டீமன் வேறு, ஜாவா வேறு என்றாலும் டீமன் வேறு. ஸ்டூடியோவில் ஒரு ஜாவா, டெர்மினலில் ஒரு ஜாவா என்று வைத்திருந்தால் ஒரே பிராஜெக்டுக்கு இரண்டு டீமன்கள் உட்கார்ந்து மெமரியைத் தின்றுகொண்டிருக்கும். எட்டு ஜிபி லேப்டாப்பில் இது நன்றாகவே உறைக்கும். '--ஸ்டாப்' என்று கொடுத்தால், ஓட்டுகிற கிரேடில் பதிப்பைச் சேர்ந்த டீமன்கள் நிற்கும்.

பதிப்பை மாற்றுவதற்கு வருவோம். பிராப்பர்ட்டீஸ் ஃபைலில் எண்ணைக் கையால் மாற்றினாலும் வேலை செய்யும், ஆனால் ஜாரும் ஸ்கிரிப்டுகளும் பழையதாகவே இருந்துவிடும். முறையான வழி, './கிரேடில்டபிள்யூ ராப்பர் --கிரேடில்-வெர்ஷன் 8.7' என்று ஓட்டுவது. அதே கமாண்டை இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதல் முறை ஓடுவது பழைய கிரேடில். அது முகவரியைப் புதிதாக மாற்றும், ஆனால் ஜாரையும் ஸ்கிரிப்டையும் தனக்குத் தெரிந்த பழைய வடிவில்தான் எழுதும். இரண்டாவது முறை ஓடுவது புது கிரேடில், அது தன் ஜாரையும் ஸ்கிரிப்டையும் எழுதும். அதன் பிறகு 'கிட் ஸ்டேட்டஸ்' காட்டும் ராப்பர் ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒரே கமிட்டில் போடுங்கள். வேறு எதையும் அந்தக் கமிட்டில் கலக்காதீர்கள். பில்டு உடைந்தால் எந்தக் கமிட்டைத் திருப்புவது என்று தேடாமல் இருக்கலாம். பில்டு கருவியின் பதிப்பும் கோடு மாதிரியே ரிவ்யூ வழியாக, வரலாற்றோடு மாறுகிறது என்பதுதான் ராப்பரால் கிடைக்கும் பெரிய லாபம். இரண்டு வருடத்துக்கு முந்தைய ரிலீஸ் டேகை எடுத்தால், அன்றைய கிரேடிலும் கூடவே வந்துவிடும்.

சில சமயம் ராப்பர் டாஸ்கே ஓடாது. அந்த டாஸ்க் ஓடவும் பில்டு ஸ்கிரிப்டை முழுவதும் படித்தாக வேண்டும். கிரேடில் 7.6-இல் நிற்கிறீர்கள், ஜாவா 21 மட்டும் இருக்கிறது என்றால் எதுவுமே ஓடாது, ராப்பர் டாஸ்க் உட்பட. அப்போது மட்டும் முகவரி வரியைக் கையால் மாற்றிவிட்டு, பிறகு டாஸ்கை ஓட்டி ஜாரைச் சரிசெய்யலாம். இல்லாவிட்டால் ஜாவா 17-ஐயும் இன்ஸ்டால் செய்து, தற்காலிகமாக ஜாவா_ஹோமை அதற்குத் திருப்பலாம். கையால் மாற்றும்போது ஒன்று கவனம்: கிரேடில் 9-இலிருந்து பெயரில் மூன்று எண்கள் வரும். 'கிரேடில்-9.0-பின்.ஜிப்' என்று எழுதினால் அப்படி ஒரு ஃபைல் இல்லை, '9.0.0' என்று எழுத வேண்டும்.

பெரிய எண் மாறும்போது, 7-இலிருந்து 8-க்கு என்று வையுங்கள், ஒரே தாவலாகத் தாவாமல் முதலில் 7-இன் கடைசிப் பதிப்பான 7.6 வரிசைக்குப் போய், '--வார்னிங்-மோடு ஆல்' என்று ஓட்டிப் பாருங்கள். அடுத்த பதிப்பில் எதெல்லாம் போகப்போகிறது என்று அங்கேயே எச்சரிக்கையாக வந்துவிடும். அதைச் சரிசெய்துவிட்டு ஏறினால் தலைவலி பாதியாகும்.

கிட் தரும் தொல்லைகள் மூன்று, மூன்றும் சட்டென்று தீர்பவை. ஒன்று, '.கிட்இக்னோர்' ஃபைலில் எல்லா ஜார்களையும் தள்ளச் சொல்லும் வரி இருந்தால் ராப்பர் ஜாரும் கமிட்டில் ஏறாது. உங்கள் மெஷினில் ஃபைல் இருப்பதால் ஓடும், குளோன் செய்த அடுத்தவருக்கு 'கிரேடில்ராப்பர்மெயின்' என்ற கிளாஸ் கிடைக்கவில்லை என்பதுபோல் பிழை வரும். அந்த ஒரு ஜாருக்கு மட்டும் விதிவிலக்கு எழுதுங்கள். இரண்டு, விண்டோஸில் உருவாக்கிக் கமிட் செய்த ஸ்கிரிப்டுக்கு லினக்ஸில் ஓடும் அனுமதி இருக்காது, 'பெர்மிஷன் டினைடு' வரும். ஒவ்வொருவரும் தன் மெஷினில் அனுமதியை மாற்றிக்கொள்வதற்குப் பதிலாக 'கிட் அப்டேட்-இன்டெக்ஸ்' கமாண்டில் '--சிஹெச்மாடு' கொடுத்து கிட்டிலேயே ஒருமுறை மாற்றிவிடுங்கள். மூன்று, வரி முடிவுகள். ஷெல் ஸ்கிரிப்ட் விண்டோஸ் வரி முடிவோடு கமிட் ஆனால் லினக்ஸ் அதை ஓட்டாது. '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' ஃபைலில் அந்த ஸ்கிரிப்டுக்கு லினக்ஸ் முடிவு, பேட் ஃபைலுக்கு விண்டோஸ் முடிவு என்று எழுதி வைத்தால் முடிந்தது.

டவுன்லோடு தகராறுகள் இன்னொரு வகை. புதிய ராப்பர்களின் பிராப்பர்ட்டீஸ் ஃபைலில் 'நெட்வொர்க்டைம்அவுட்=10000' என்று ஒரு வரி இருக்கும். மில்லிசெகண்டுக் கணக்கு, அதாவது பத்து விநாடி. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவருக்கும், ஒவ்வொரு ஃபைலையும் நிறுத்தி ஸ்கேன் செய்யும் ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் பத்து விநாடி போதாமல் போகலாம், கூட்டிக்கொள்ளுங்கள். பிராக்சிக்குப் பின்னால் இருந்தால் ஹோம் 'கிரேடில்.பிராப்பர்ட்டீஸ்' ஃபைலில் 'சிஸ்டம்பிராப்' என்று தொடங்கும் வரிகளில் பிராக்சி ஹோஸ்டையும் போர்ட்டையும் எழுதினால் ராப்பரும் அதைப் படித்துக்கொள்ளும். ஃபயர்வாலில் கிரேடில் தளத்தை மட்டும் திறந்துவிட்டால் போதாது, அந்த முகவரி வேறு இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. திருப்பிவிடும் இடத்தையும் திறக்க வேண்டும்.

பாதியில் கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்திய பிறகு ஜிப் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்றோ, 120000 வரை காத்திருந்தும் ஃபைலுக்குத் தனி அனுமதி கிடைக்கவில்லை என்றோ வந்தால் பதற வேண்டாம். இரண்டாவது செய்தியின் பொருள், இன்னொரு பிராசஸ் அதே ஜிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, ராப்பர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுக் கைவிட்டது. ஸ்டூடியோவே பின்னால் அதை இறக்கிக்கொண்டிருக்கலாம், அதை மூடுங்கள். அப்புறம் 'ராப்பர்/டிஸ்ட்ஸ்' ஃபோல்டரில் அந்த ஒரு பதிப்பின் ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இதற்காக '.கிரேடில்' ஃபோல்டர் முழுவதையும் அழிக்கச் சொல்லும் ஆலோசனை அடிக்கடி கண்ணில் படும். அதைச் செய்தால் லைப்ரரி கேஷ் மொத்தமும் போய், எல்லாம் திரும்ப இறங்க வேண்டும். போதாததற்கு, நீங்கள் பாஸ்வேர்டுகளை எழுதி வைத்த அந்த ஹோம் ஃபைலும் அதற்குள்தான் இருக்கிறது.

பாதுகாப்பு விஷயத்தில் டீம்கள் காட்டும் அலட்சியம் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ராப்பர் ஜார் ஒரு பைனரி. யாரோ ஒருவரின் புல் ரிக்வெஸ்டில் அது மாறியிருந்தால் டிஃப்பில் "பைனரி ஃபைல் மாறியது" என்று ஒரு வரிதான் தெரியும், ரிவ்யூ செய்பவர் தள்ளிவிட்டுப் போய்விடுவார். ஆனால் பில்டை ஓட்டும் ஒவ்வொருவரின் மெஷினிலும், சிஐயிலும் முதலில் ஓடுவது அந்த ஜார்தான். கிரேடில் ஒவ்வொரு பதிப்பின் ராப்பர் ஜாருக்கும் எஸ்ஹெச்ஏ-256 செக்சம்மை, அதாவது ஃபைல் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் கைரேகை போன்ற ஒன்றை, வெளியிடுகிறது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் இதை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆக்‌ஷனையும் கிரேடிலே தருகிறது, ஒரு வரி சேர்த்தால் போதும். வெளியாட்களின் பங்களிப்பை ஏற்கும் ஓப்பன்சோர்ஸ் பிராஜெக்டில் இது இல்லாமல் இருக்கவே கூடாது. ஓப்பன்சோர்ஸ் ஆண்ட்ராய்டு ஆப்களை வழங்கும் எஃப்-டிராய்டு ஒருபடி மேலே போகிறது: ரெப்போவில் வரும் ஜாரை நம்பாமல் தனக்கென்று ஒரு ஸ்கிரிப்ட் வைத்து, பிராப்பர்ட்டீஸ் ஃபைலில் உள்ள பதிப்பை மட்டும் படித்துக்கொண்டு, தன்னிடம் உள்ள செக்சம்மோடு பொருந்தும் கிரேடிலைத்தான் ஓட்டுகிறது.

இறங்கும் ஜிப்புக்குத் தனிப் பூட்டு உண்டு. பிராப்பர்ட்டீஸ் ஃபைலில் 'டிஸ்ட்ரிபியூஷன்எஸ்ஹெச்ஏ256சம்' என்ற வரியைச் சேர்த்தால், ஜிப் அதோடு பொருந்தாவிட்டால் ராப்பர் நின்றுவிடும். இந்தச் சோதனை இறக்கும்போது நடப்பது, ஏற்கெனவே விரித்து வைத்ததைத் தினமும் சோதிப்பதில்லை. பதிப்பை மாற்றும்போது இந்த வரியையும் மாற்ற வேண்டும்.

டாக்கரில் பில்டு செய்கிறீர்கள் என்றால் ராப்பர் ஸ்கிரிப்டையும் கிரேடில் ஃபோல்டரையும் மட்டும் முதலில் காப்பி செய்து, ராப்பரை '--வெர்ஷன்' என்று ஒருமுறை ஓட்டி, பிறகு மீதி சோர்ஸைக் காப்பி செய்யுங்கள். கோடு மாறினாலும் கிரேடில் இறங்கிய லேயர் அப்படியே கேஷில் இருக்கும்.

மற்ற பில்டு கருவிகளிலும் இதே யோசனை உண்டு. மேவனுக்கு 'எம்விஎன்டபிள்யூ' இருக்கிறது. அதன் ராப்பர் 3.3.0-இலிருந்து ஜார் இல்லாமல் வெறும் ஸ்கிரிப்டாகவே இருப்பதை இயல்பாக்கிக்கொண்டது, மேலே சொன்ன பைனரிக் கவலை அங்கே அந்த அளவுக்குக் குறைவு. பேசலுக்கு பேசலிஸ்க், '.பேசல்வெர்ஷன்' என்ற ஃபைலில் எண் மட்டும்.

உங்கள் லேப்டாப்புக்கு இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். டெர்மினலில் './கிரேடில்டபிள்யூ --வெர்ஷன்' ஓட்டுங்கள். கிரேடில் பதிப்போடு ஜேவிஎம் எது என்றும் காட்டும். புதிய பதிப்புகள் தொடங்கிவைக்கும் ஜேவிஎம்மையும் டீமனின் ஜேவிஎம்மையும் தனித்தனி வரியில் காட்டுகின்றன. ஸ்டூடியோவின் அமைப்பில் பில்டு டூல்ஸ், கிரேடில் என்று போய் அங்கே எந்த ஜேடிகே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் ஜாவா_ஹோமை ஸ்டூடியோவின் ஜேடிகேக்குத் திருப்பி, பழைய டீமன்களை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்படியும் விழுந்தால் ஹோம் 'கிரேடில்.பிராப்பர்ட்டீஸ்' ஃபைலைத் தற்காலிகமாகப் பெயர் மாற்றி வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் '--ஸ்டாக்டிரேஸ்' கொடுத்து ஓட்டி, அந்த வெளியீட்டையும் '--வெர்ஷன்' வெளியீட்டையும் சேர்த்து அனுப்புங்கள், பார்க்கிறேன். அனுப்பும் முன் அதில் டோக்கன், பாஸ்வேர்டு ஏதாவது இருந்தால் நீக்கிவிடுங்கள்.